அங்குல மரை

ஜூன் 4

மச்சானுக்கு,

தனிக் கடிதமாகப் போட்டால் பிரிக்காமலே கிழித்துவிடுவாய் என்பதால் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். உள்ளே இரும்புச் சாமான் இருப்பது கைக்குத் தெரிந்தால் நீ பிரிக்காமல் இருக்க மாட்டாய். அந்த அளவுக்கு இன்னும் உன்னை எனக்குத் தெரியும்.

இருப்பது உன் அக்கா வண்டியின் முன்சக்கர பிரேக் தட்டு. ஆறு வருடமாக வண்டியை எங்கள் நீரேற்று நிலையத்தின் பின்பக்கக் கொட்டகையில் சாக்கு போர்த்தி வைத்திருந்தேன். இப்போது கொட்டகையை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் வண்டியை எடுக்காவிட்டால் பழைய இரும்போடு போய்விடும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என்ஜின் நான்காவது உதையில் கிளம்பிவிட்டது. பிரேக்தான் இல்லை. தட்டைப் பிடித்து நிறுத்தும் கம்பியின் போல்ட் இறங்குகிற துளையில் மரையே இல்லை. விரலை விட்டால் வழவழவென்று இருக்கிறது.

இங்கே இரண்டு பட்டறையில் காட்டினேன். ஒருவர் கையில்கூட வாங்கவில்லை. இன்னொருவர், "மரை கழண்டது தட்டுக்கு இல்ல சார், இந்தக் காலத்துல இதை ஓட்டணும்னு நினைக்கிறவருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். பழைய அங்குலக் கணக்கு வேலை தெரிந்த ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான்.

சமாதானம் பேச எழுதவில்லை. எனக்குப் பதில் எழுதப் பிடிக்காவிட்டால் வேலையை மட்டும் முடித்து அனுப்பு.

அத்தான்

•

ஜூன் 12

பார்சல் கிடைத்தது.

அந்த வண்டியை இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அக்காவை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, வண்டியை ஆறு வருடம் சாக்கு போர்த்திப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

அது எங்கள் அப்பாவின் வண்டி. பிறகு அக்காவின் வண்டி. பதினெட்டு வயதிலிருந்து அவள் ஓட்டினாள், ஒரு கீறல் விழுந்ததில்லை. அன்றைக்கு ஒருநாள் நீங்கள் ஓட்டினீர்கள். இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

வேலையைச் செய்துகொடுக்கிறேன், அவளுக்காக. அம்மாவுக்குச் சொல்லவில்லை. பார்சலைக் கடையிலேயே வைத்திருக்கிறேன், மாடிக்குக் கொண்டுபோகவில்லை.

அதில் இருந்த போல்ட் எங்கே? தட்டை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாது. இருந்தால் அனுப்புங்கள்.

•

ஜூன் 18

மச்சானுக்கு,

போல்ட் இருக்கிறது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவள் போன அன்று வண்டியைத் தூக்கி ஓரமாக வைத்தவர்களில் ஒருவர், "இது கீழே கெடந்துச்சு சார்" என்று என் கையில் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ கிழித்த சட்டையின் பைதான். விழுந்த வேகத்தில் கழன்றிருக்கும் என்று நினைத்தேன். பிறகு அதைப் பற்றி நினைக்கவே இல்லை. துணி தைக்கிற ஊசி நூல் டப்பாவில் இத்தனை நாள் கிடந்தது. மரையில் சுருள் சுருளாக வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. துடைக்காமல் அனுப்புகிறேன்.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஆறு வருடத்தில் யாருமே கேட்கவில்லை.

அன்று அவள்தான் என்னை ஓட்டச் சொன்னாள். ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கியிருந்தோம். மூட்டை பெரியது. "நான் புடிச்சுக்கறேன், நீங்க ஓட்டுங்க" என்று பின்னால் ஏறிக்கொண்டாள். துணி வாங்கியது பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள். மஞ்சள் எடுத்திருக்கலாமோ என்று இரண்டு தடவை கேட்டாள். மரக்கடை முன்னால் ஒரு லாரி பின்பக்கமாக வந்தது. தூரம் இருந்தது. முன்பிரேக்கைப் பிடித்தேன். முதலில் பிடித்தது. பிறகு ஏதோ சடக்கென்றது. முன்சக்கரத்தை யாரோ கையால் பிடித்து நிறுத்திய மாதிரி வண்டி அப்படியே மடங்கியது.

வேகமாகப் போனேன் என்று நீ சொன்னாய். எவ்வளவு வேகம் என்று யோசித்து யோசித்து இப்போது எனக்கே தெரியவில்லை. முதல் வருடம் முப்பது என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் நாற்பது. இப்போதெல்லாம் அறுபதில் போனதாகத்தான் ஞாபகம் வருகிறது. அந்த வண்டி அறுபதில் போகுமா என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

அத்தான்

•

ஜூலை 9

அத்தான்,

மூன்று வாரமாக எழுதவில்லை. வேலை அதிகம் என்று எழுதலாம் என்று பார்த்தேன். வேலை ஒன்றும் இல்லை. போல்ட் வந்த அன்றே எல்லாம் தெரிந்துவிட்டது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் போல்ட் நான் போட்டது. தப்பான போல்ட்.

அந்த வண்டி அங்குலக் கணக்கு வண்டி. துளையில் இருந்தது அங்குல மரை. நீங்கள் அனுப்பியது எட்டு மில்லிமீட்டர் போல்ட். தலையிலேயே எண் இருக்கிறது, விளக்கில் பிடித்தால் குழந்தைக்கும் தெரியும். தடிமனில் இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் மரையின் நெருக்கம் வேறு. அங்குல மரையில் ஒரு அங்குலத்துக்கு இருபத்திரண்டு சுற்று. இதில் இருபதும் சொச்சமும். முதல் இரண்டு சுற்று சாதுவாகப் போகும். அதற்குப்பிறகு இரும்பு அலுமினியத்தை அறுத்துக்கொண்டுதான் உள்ளே போகும். நீங்கள் சொன்ன அந்த வெள்ளைச் சுருள்கள் துளையின் பழைய மரை.

விபத்துக்கு ஒரு வாரம் முன்னால் அக்கா வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தாள். பழைய போல்ட் தேய்ந்திருந்தது. புதிது என்னிடம் இல்லை. "நாளைக்கு வா, வாங்கி வைக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மறுநாள் வந்திருப்பாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை, ஸ்டூலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் இல்லை என்று சொல்வதா என்று எனக்கு ஒரு கௌரவம். டப்பாவில் கிடந்ததை எடுத்துப் போட்டேன். கடைசிச் சுற்றுகள் முறுக்கிக்கொண்டு போயின. நீள ஸ்பேனர் போட்டு நெம்பினேன். நல்ல இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு வாரம் தாங்கியது. நீங்கள் பிரேக் பிடித்ததும் போல்ட் பிடுங்கிக்கொண்டது. அது போனால் தட்டைத் தடுக்க ஒன்றுமில்லை, சக்கரத்தோடு சேர்ந்து தட்டும் சுற்றும். சுற்றும்போது கேபிளை இழுத்துச் சுருட்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளும். யாரோ கையால் பிடித்த மாதிரி என்று எழுதியிருந்தீர்கள். அப்படித்தான் இருந்திருக்கும். இருபதில் போனாலும் அதுதான் நடந்திருக்கும். அக்கா ஓட்டியிருந்தாலும்.

இத்தனை வருடம் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது என்று எழுதத்தான் ஆசை. அளவு பார்க்க வேண்டும் என்று போல்ட்டைக் கேட்டேன். துளையை அளந்தாலே அளவு தெரியும், அத்தான். அது தெரிந்துதான் கேட்டேன், எந்தப் போல்ட் என்று பார்க்க வேண்டியிருந்தது.

வண்டி அறுபதில் போகாது. அந்த கார்புரேட்டரில் ஐம்பதைத் தொட்டாலே பெரிது.

மைத்துனன்

•

ஜூலை 15

கடிதம் கிடைத்தது.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. தட்டை இப்போது அனுப்பாதே. கடிதமும் போடாதே. நானாக எழுதும்வரை பொறு.

•

ஆகஸ்ட் 5

மச்சானுக்கு,

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இது ஐந்தாவது தாள்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். உண்மையைச் சொல்வதானால் அதுதான். நான் இல்லை, நான் இல்லை என்று வீட்டுக்குள் சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. அவள் வரப்போவதில்லை, நான் எதற்குக் கூத்தாடுகிறேன்?

கோபம் அதற்குப் பிறகு வந்தது. போல்ட் மேல் அல்ல. நானும் பம்ப் ஓட்டுகிறவன். இது தாங்கும் என்று நினைத்து, கசிகிற குழாயில் கயிற்றைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்த நாட்கள் எனக்கும் உண்டு. அவை தாங்கின, அவ்வளவுதான். ஆனால் பிணவறை வராந்தாவில் இருபது பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்தாயே. அப்போது என் முழங்கையில் இன்னும் கட்டுகூடப் போடவில்லை. என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? "நீதான்யா கொன்னே" என்றாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்படியா என்று நானும் என்னைப் பார்த்துக்கொண்டேன்.

முதல் வருட நினைவு நாளுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ கதவைத் திறந்தாய். உள்ளேயிருந்து அத்தை, "யாரும் இல்லன்னு சொல்லு" என்றார். எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது உனக்கும் தெரியும். நீ என் முகத்தைப் பார்த்து, "யாரும் இல்ல" என்றாய். ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தவன் தெருக்குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

அதற்குப்பிறகு எங்கும் போகவில்லை. ஒரு கல்யாணம், காதுகுத்து கிடையாது. யாராவது பழைய பேச்சை எடுத்துவிடுவார்களோ என்று பயம். இரண்டு ஷிஃப்டையும் நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். பம்ப் ஓடும்போது யாரும் பேச முடியாது, அது வசதி. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. உன் அக்கா வாங்கிய திரைத்துணி இன்னும் மூட்டையாகத்தான் இருக்கிறது. ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறேன்.

நீ எனக்கு எழுதியது போதாது. அத்தையிடம் சொல். தாளில் எழுதிக் கொடுக்காதே, எதிரே உட்கார்ந்து வாயால் சொல். அதைச் செய்த பிறகு தட்டைச் சரிபண்ணு. நீயே பண்ணு, வேறு யாரிடமும் கொடுக்காதே.

சொல்லாமல் சரிபண்ணி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அத்தான்

•

ஆகஸ்ட் 20

அத்தான்,

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை.

அம்மா மாடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தட்டையும் போல்ட்டையும் எதிரே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நடந்ததை எழுதுகிறேன், ஒன்றும் கூட்டவில்லை.

"அம்மா, அக்கா வண்டி கவுந்தது என்னாலதான்."

"என்னடா உளர்றே?"

"இந்த போல்ட் தப்பானது. பிரேக் புடிச்சதும் புடுங்கிக்கிச்சு."

"யாரு போட்டது?"

"நான்."

கொஞ்சநேரம் போல்ட்டைக் கையில் வைத்துப் புரட்டினார். "அவரு வேகமா போனாருன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"பாத்தியா?"

"இல்லம்மா."

"பாக்காமலா சொன்னே?"

அழுவார், அடிப்பார் என்று நினைத்திருந்தேன். மிச்சத் துணிகளை எல்லாம் மடித்து முடித்தார். எப்போதும் ஒரே அடுக்காக வைப்பவர், என்னுடையதைத் தனியாகவும் அவருடையதைத் தனியாகவும் பிரித்து வைத்தார். அதற்குப்பிறகு மூன்று நாள் பேச்சில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரே வீட்டில் இரண்டு பேர் அப்படி இருந்து பார்த்தபோதுதான், நீங்கள் ஒரு நாற்காலி என்று எழுதியது எனக்குப் புரிந்தது.

அந்த மூன்று நாளில் தட்டை முடித்தேன். மிஞ்சியிருந்த அலுமினியத்தை ட்ரில் போட்டு முழுக்க எடுத்தேன். துளைக்குள் இறங்க வெண்கலத்தில் சின்னக் குழலாக ஒரு புஷ் கடைந்தேன். வெளியே தடித்த மரை, உள்ளே சரியான அங்குல மரை, பின்பக்கம் ஒரு விளிம்பு. எந்த இழுப்புக்கும் அந்த விளிம்பு தட்டைத் தாண்டி வராது. போல்ட்டுக்கு ஜூலையிலேயே எழுதிப் போட்டிருந்தேன், பழைய சாமான் வியாபாரியிடமிருந்து வந்தது. மூன்று தடவை போட்டு மூன்று தடவை எடுத்தேன். கடைசிச் சுற்றுவரை விரலாலேயே போகிறது. சரியான மரை விரலுக்கே வழிவிடும். அன்றைக்கு ஸ்பேனரை எடுத்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். தட்டை மேஜையில் இறுக்கி, கம்பியில் ஆளுயரக் குழாயைக் கோத்து, என் முழு எடையையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

இருந்தாலும் என்னை நம்பிப் போட்டுவிடாதீர்கள். அங்கே யாரிடமாவது காட்டிவிட்டுப் போடுங்கள்.

தபாலில் அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலையில் அம்மா பையோடு கீழே இறங்கி வந்தார்.

"மாப்பிள்ளை வெலாசம் குடு."

கொடுத்தேன்.

"அதை இங்க குடு. நான் கொண்டு போறேன்."

"கனமா இருக்கும்மா."

"இருக்கட்டும்."

பஸ் நிலையம்வரை பின்னாலேயே போனேன். பையைத் தூக்க விடவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பஸ் கிளம்புகிறவரை எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வருவார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் வரும்போது அவர் அங்கே இருப்பார். அவருக்குக் காலையில் மாத்திரை ஒன்று உண்டு, பையின் பக்கவாட்டில் இருக்கும், மறந்துவிடுவார். இங்கே மாடியில் விளக்குப் போடவே கை வரவில்லை. கடையிலேயே இருக்கிறேன்.

மைத்துனன்

•

செப்டம்பர் 2

மச்சானுக்கு,

அத்தை வந்து சேர்ந்தார். நான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் பையும் கையுமாக நிற்கிறார். "மாப்பிள்ளை" என்றார். பையை வாங்கினேன். இந்தக் கனத்தை ஆறு மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நான் பெட்டிமேல் உட்கார்ந்தேன். அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கடையில் துணி எடுத்ததிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை. மஞ்சள் எடுத்திருக்கலாமோ என்று அவள் கேட்டதைச் சொன்னபோது மட்டும், "நீங்க என்ன சொன்னீங்க?" என்றார். "அடுத்த தடவை எடுத்துக்கலாம்னு சொன்னேன் அத்தை" என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முழு மத்தியானமும் போய்விட்டது.

மறுநாள் மூட்டையைப் பிரித்துத் திரைத்துணியை வெயிலில் போட்டார். மடிப்பு இருந்த இடமெல்லாம் கோடு கோடாக வெளுத்திருக்கிறது. அதையே தைத்து மாட்டிவிட்டார். மாத்திரையை நான் ஞாபகப்படுத்துகிறேன், போடுகிறார்.

தட்டை மாட்டிவிட்டேன். நீ சொன்னபடி போல்ட் விரலாலேயே இறங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்த பட்டறைக்காரரிடமே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். குனிந்து, கம்பியை ஆட்டி, புஷ்ஷை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "சுத்தமான வேலை. யாரு சார் செஞ்சது?" என்றார். "என் மச்சான்" என்றேன். இன்னொரு ஆளிடம் அந்த வார்த்தையைச் சொல்லி ஆறு வருடமாகிறது.

நீரேற்று நிலையத்தின் சரிவில் இறங்கிப் பார்த்தேன். அத்தை கேட் அருகே நின்றுகொண்டிருந்தார். முதல் தடவை நடை வேகத்தில் பிடித்தேன், பிறகு கொஞ்சம் கூட்டி, பிறகு இன்னும் கூட்டி. மூன்று தடவையும் நின்றது. மூன்றாவது தடவை நிறுத்தியவன் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். பேனா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. உன்மேல் கோபம் இருக்கிறது, சில நாள் சமைக்கும்போது வருகிறது, சில நாள் வருவதில்லை. ஆனால் ஜூலையில் நான் உன்னை எழுத வேண்டாம் என்று சொன்ன அந்த மூன்று வாரமும், தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். வேறு யார் எனக்கு எழுதப் போகிறார்கள்? அதனால் நீ எழுதுவதை நிறுத்தாதே.

அத்தை எப்போது திரும்புவார் என்று எனக்கும் தெரியவில்லை. உன் பேச்சை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார். நானும் இரண்டு தடவைக்குமேல் எடுக்கவில்லை. நேற்று சாயங்காலம் பம்பிலிருந்து வந்தபோது, உன் கடிதம் அவர் மடியில் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் போய்க்கொண்டிருந்தார். நான் வந்ததும் மடித்துக் கொடுத்துவிட்டார். கொஞ்சநேரம் கழித்து, என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல், தனக்குத்தானே பேசுகிற மாதிரியும் இல்லாமல், "இன்னும் கோழி கிளறின மாதிரிதான் எழுதறான்" என்றார்.

இங்கே வந்து அவர் உன்னைப் பற்றிப் பேசியது இது ஒன்றுதான். உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

அத்தான்